பூனைவால்

என் மாமியார் என்னை நம்புவது ஒரே ஒரு விஷயத்தில்தான். நான் பூட்டிவிட்டு வந்த கதவை இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பார். நான் வாங்கி வந்த தக்காளியை ஒவ்வொன்றாகப் புரட்டி, பெருமூச்சு விட்டு, ஒன்றும் சொல்லாமல் கூடையில் போடுவார். திட்டினாலாவது பதில் சொல்லலாம். ஆனால் கடையில் வாங்கிய பொட்டலம் எது வீட்டுக்குள் வந்தாலும், அதைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைத்தான் பார்ப்பார்.

"பாத்தீங்களா மாப்ள?"

"பாத்தேன் மாமி" என்று நான் சொன்னால் பிரிப்பார். இல்லை என்றால் அது அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். பிறகு வீட்டில் யாரும் அதைத் தொட முடியாது. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவரிடம் நான் சம்பாதித்த மரியாதை மொத்தமும் அந்த ஒரு வார்த்தைக்குள்தான் இருந்தது.

நான் ஹலால் சான்றிதழ் கொடுக்கும் அலுவலகத்தில் பரிசோதகர். அலுவலகம் என்றால் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறை, மூன்று இரும்பு பீரோ, ஒரு செயலாளர், நான். ரொட்டி, பிஸ்கட், மிட்டாய், சோப்பு, மாத்திரை என்று எதில் எங்கள் வட்ட முத்திரை இருந்தாலும், அதைச் செய்த இடத்தை நான் நேரில் போய்ப் பார்த்திருக்கிறேன் என்று அர்த்தம். பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பொடியெழுத்தைப் படித்துப் படித்துக் கண் போனது. மாடிப்படி ஏறி ஏறி முழங்கால் போனது. விருந்துக்குப் போனாலும் விடமாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தன் தட்டை என் பக்கம் தள்ளி, "இது பரவாயில்லையா?" என்பார். என் தட்டில் இருப்பதை நான் நிம்மதியாகச் சாப்பிட்டு வெகுநாளாயிற்று.

அந்தத் திங்கட்கிழமை பேக்கரி அக்காவின் கடைக்குப் போனேன். ஆறு வருடமாக நான் வருடா வருடம் செய்கிற, சான்றிதழைப் புதுப்பிக்கும் ஆடிட். முன்னால் கண்ணாடிப் பெட்டியும் கல்லாவும், பின்னால் நீளமான ஒரு கூடம், அதன் கடைசியில் ஓவன். ஏழு பெண்கள் வேலை செய்கிறார்கள். என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளித்தான் கடை. என் மாமியாருக்குப் பல் போன பிறகு காலையிலும் மாலையிலும் இந்தக் கடை பன்னைத்தான் டீயில் நனைத்துச் சாப்பிடுகிறார். நான் பார்த்த கடை என்பதால்.

எங்கள் படிவத்தில் எண்பத்து நாலு கேள்விகள். அக்காவுக்கு அவை எனக்கு முன்பே மனப்பாடம். நான் பேனாவை எடுப்பதற்குள் மாவு வாங்கும் மில்லின் கடிதம், வெண்ணெயின் சான்றிதழ், எசன்ஸ் பாட்டிலின் லேபிள் எல்லாம் மேஜைக்கு வந்துவிடும். எசன்ஸில் சாராயம் கலந்திருக்குமோ என்று நான் ஒருமுறை கேட்டதற்காக, எசன்ஸ் கம்பெனிக்காரனை ஆறு வாரம் விரட்டிக் கடிதம் வாங்கிய ஆள் அவர். நாற்பத்தொன்றாவது கேள்வி: பிரஷ் பயன்படுத்துகிறீர்களா, என்ன வகை? ஒவ்வொரு வருடமும் அக்கா தட்டு கழுவும் தொட்டிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், நீல நிற பிரஷைக் காட்டுவார். "நைலான்" என்று நான் எழுதுவேன். இந்த வருடமும் எழுதினேன்.

எழுதிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஓவன் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பன் மேல் முட்டைக் கலவை பூசுகிற அம்மாவின் குரல். அவருக்கு அங்கே பூச்சுக்காரம்மா என்றுதான் பெயர்.

"பூனைவாலை யாரு எடுத்தது? இங்கதானே காய வெச்சேன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. படிவத்தின் பன்னிரண்டாம் கேள்வி, வளாகத்தில் விலங்கு நடமாட்டம் உண்டா என்பது. இல்லை என்று டிக் போட்ட மை இன்னும் காயவில்லை. பூனை வேறு வளர்க்கிறீர்களா என்று அக்காவைக் கேட்டேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். கடை ஆரம்பித்த காலத்தில் இருந்த ஒரு மாஸ்டர் வைத்த பெயராம். அவர் போய்ப் பல வருடமாகியும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டதாம். உள்ளே போய் அதை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

அது ஒரு பிரஷ். மூன்று விரல் அகலம், மரப்பிடி, வெளிர் மஞ்சளில் முடி. பன் மேல் முட்டை தடவுகிற பிரஷ்.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முடியின் நுனியைப் பார்த்தேன். ஒவ்வொரு நுனியும் இரண்டாகப் பிளந்திருந்தது. நைலான் அப்படிப் பிளக்காது. நாலு முடியைப் பிடுங்கி அடுப்பில் காட்டினேன். உருகவில்லை, சுருண்டு கருகியது. கூடம் முழுக்க முடி கருகும் நாற்றம். எந்த மிருகத்தின் முடி என்று நாற்றம் சொல்லாது. வாங்கிய பெட்டி இருக்கிறதா என்று கேட்டேன். பரண் மேலிருந்து அட்டைப்பெட்டி இறங்கியது. இன்னும் மூன்று புது பிரஷ் அதற்குள் இருந்தன. மேலே தங்க எழுத்தில் பியூர் பிரிசில் என்று போட்டிருந்தது.

பிரஷ் தொழிலில் பிரிசில் என்றால் பன்றியின் முடி. மற்ற ஊர் அலுவலகங்களுக்குப் புதிதாக வருகிற பரிசோதகர்களுக்கு வகுப்பில் இந்தப் பாடம் எடுப்பதே நான்தான். கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போடுவேன்.

அக்காவிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. பெட்டியை வாங்கி அந்தத் தங்க எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பியூர்னு போட்டிருக்கே தம்பி. சாதா பிரஷ் வேணாம், பியூர்தான் வேணும்னு நான்தானே கேட்டு வாங்கினேன்."

பூச்சுக்காரம்மா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருடமாக அந்தப் பிடியைப் பிடித்த கை. எழுந்து போய்க் கழுவினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்து போய்க் கழுவினார்.

நான் அக்காவிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். ஆறு வருடமாக பிரஷ் உண்டா, பிரஷ் உண்டா என்று கேட்டேனே, இதை ஏன் காட்டவில்லை? அவருக்குக் கேள்வியே புரியவில்லை. பிரஷ் என்றால் அவர்களுக்குத் தேய்த்துக் கழுவுகிறது. இது பூனைவால். பூனைவால் உண்டா என்று நான் கேட்டிருந்தால் முதல் வருடமே கொண்டுவந்து காட்டியிருப்பார். பொய் சொல்கிற ஆள் இல்லை என்பது எனக்கே தெரியும். ஓவன் பக்கம் ஒருநாளாவது பத்து நிமிஷம் நின்று, பன் எப்படி மினுமினுக்கிறது என்று நான் பார்த்திருந்தால் போதும். நான் காகிதத்தைப் பார்த்தேன். வெயில் காலத்தில் ஓவன் பக்கம் நிற்க யாருக்குத்தான் பிடிக்கும்.

என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பமில்லை. பிரஷ்களைத் தூக்கிப் போட வேண்டும். தட்டு, மேஜை, கிண்ணம், அது பட்ட எல்லாவற்றையும் மார்க்க முறைப்படி ஏழு தண்ணீரில் கழுவ வேண்டும். அதில் ஒரு தண்ணீர் மண் கரைத்தது. அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் நான் மறுபடி படிவத்தைத் திறந்ததும் அதன் மேல் கையை வைத்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். தெரியாம சாப்பிட்டவங்களுக்குப் பாவம் உண்டா?"

"இல்லக்கா."

"நான் தெரியாம வித்தேன். எனக்கு?"

"தெரியாத வரைக்கும் இல்ல."

"அப்ப ஊர்ல இத்தனை பேரு நிம்மதியா இருக்காங்க. நீங்க எழுதினா அத்தனை பேரும் வாயில விரல விட்டு வாந்தி எடுப்பாங்க. எழுதாம விட்டா யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

என்னிடம் பதில் இருந்தது, அதை எடுத்துச் சொல்லத் தெம்பில்லை. சரக்கில் குறை இருந்தால் வாங்குகிறவனிடம் சொல்லி விற்க வேண்டும், மறைத்தால் வியாபாரத்தில் பரக்கத் என்கிற இறையருள் இருக்காது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாங்கள் இருவரும். அதை நான் சொன்னால், ஆறு வருடம் நைலான் என்று எழுதிய கையெழுத்து யாருடையது என்று அவர் கேட்கலாம். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ரோஷமாவது வந்திருக்கும்.

வெளியே வந்து செயலாளருக்குப் போன் போட்டேன். அவர் கெட்டவர் இல்லை. தலைவலி பிடிக்காதவர், அவ்வளவுதான். நான் முடிக்கும்வரை கேட்டுவிட்டு, பிரஷை மாற்றியாயிற்றா, கழுவப் போகிறார்களா என்று மட்டும் கேட்டார். பிறகு ஒரு வரி சொன்னார். கருவிகள் சில மாற்றப்பட்டன என்று எழுதினால் போதும். அதில் பொய் எதுவும் இல்லையே என்றும் சொன்னார். இதைப் பெரிதாக்கினால் பேக்கரி போகும், அலுவலகம் போகும், நம் முத்திரை இருக்கிற மற்ற இருநூறு கடையையும் ஜனங்கள் சந்தேகப்படுவார்கள். "உங்களுக்கும் ரிட்டையர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கு" என்றார். அதை மிரட்டலாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார்.

உள்ளே போய் எழுதினேன். கருவிகள் சில மாற்றப்பட்டன. பூனைவால் பன்னைப் பூசி மெழுகியது போதாதென்று நானும் ஒரு கை பூசி மெழுகினேன்.

வீட்டுக்குப் போனபோது மாலை ஐந்தரை. மாமியார் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் டீ, தட்டில் பன். காலையில் என் மனைவி வாங்கி வைத்தது. பன்னின் மேல்பக்கம் பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்பை விட்டு என் கண் நகரவில்லை.

"இன்னைக்கு நம்ம பேக்கரிக்குத்தானே போனீங்க?" என்றார். ஆமாம் என்றேன்.

"பாத்தீங்களா மாப்ள?"

"பாத்தேன் மாமி."

ஆறு வருடத்தில் அன்றைக்குத்தான் அது முழு உண்மை. அவர் பன்னைப் பிய்த்தார். டீயில் நனைத்தார். சொட்டு விழாமல் இடது கையைக் கீழே பிடித்துக்கொண்டு வாயில் போட்டார். எட்டு துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் எனக்கு வாயைத் திறக்க நேரம் இருந்தது. இத்தனை நாள் சாப்பிட்டாயிற்று, இன்னும் ஒன்றுதானே, சொல்லி அந்த வயிற்றை ஏன் கலக்க வேண்டும் என்று எனக்கு நானே சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டேன். அவர் கடைசியில் விரல் நுனியால் தட்டில் இருந்த பொடியை ஒற்றி எடுத்தார். நான் சட்டையைக் கழற்ற உள்ளே போனேன்.

செவ்வாய்க்கிழமை கடை மூடியிருந்தது. கழுவுவதைப் பார்க்க நான் போயிருந்தேன். நூற்றுப் பத்துத் தட்டு, பதினான்கு கிண்ணம், மூன்று மேஜை. தோட்டம் போடுகிற ஒருவர் இரண்டு வாளி மண் கொண்டுவந்து கொடுத்தார். எதற்கு என்று கேட்டார், அக்கா வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பூச்சுக்காரம்மா எண்ணிக்கொண்டே வந்தார். மண் தண்ணீரில் சாக்கடை அடைத்துக்கொண்டது. அதைக் குச்சியால் குத்திவிட்டு, எத்தனையாவது தண்ணீர் என்பதில் சந்தேகம் வந்து, மூன்றாவதிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். யாரும் முனகவில்லை. சாயங்காலம் எல்லோருக்கும் விரல் சுருங்கி வெளுத்துப் போயிருந்தது. என் வேலை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது. ஆனாலும் அன்றைக்கு அங்கே எல்லோரையும்விட நான்தான் களைத்துப் போனேன்.

அன்று மாலை வீட்டில் பன் இல்லை. கடை அடைப்பு என்று என் மனைவி சொன்னாள். மாமியார் ரஸ்க்கை நனைத்துச் சாப்பிட்டார். ஏன் அடைப்பு என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை நான் படியேறி முடிப்பதற்குள் செயலாளரின் சத்தம் கேட்டது. அவர் மேஜையில் இரண்டு போனும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தன. பேக்கரி அக்கா கடைக் கண்ணாடியில் ஒரு அட்டையை ஒட்டி வைத்திருக்கிறார். யாரோ அதைப் படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். செயலாளர் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். பிஸ்கட் பெட்டியைக் கிழித்த அட்டை. மார்க்கர் பேனாவில், கோணல்மாணலாக எழுதியிருந்தது:

'திங்கட்கிழமை வரை எங்கள் பன்னில் முட்டை பூசிய பிரஷ் பன்றி முடியில் செய்தது. எங்களுக்குத் தெரியாது. தெரிந்ததும் தூக்கிப் போட்டோம். எல்லாவற்றையும் ஏழு தண்ணீரில் கழுவிவிட்டோம். தெரியாமல் விற்றதற்கு மன்னிக்க வேண்டும்.'

எங்கள் அறிக்கையில் ஒன்றுமில்லை, அவர்கள் அட்டையில் எல்லாம் இருக்கிறது, இனி யார் நம்மை மதிப்பார்கள் என்று செயலாளர் கத்தினார். பிறகு கத்தக்கூடத் தெம்பில்லாமல் நாற்காலியில் சாய்ந்தார். சான்றிதழை நிறுத்தி வைக்க ஒரு கடிதம் அடித்தார். காரணம் என்ற இடத்தில், அலுவலகத்தின் அனுமதியின்றி அறிவிப்பு வெளியிட்டது என்று போட்டார். பன்றி முடியைக் காரணமாகப் போட முடியாது. நாங்கள்தான் அதை எழுதவே இல்லையே. கடிதத்தையும் ஒரு பிளேடையும் என்னிடம் கொடுத்தார். கடைக் கண்ணாடியில் இருக்கிற எங்கள் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்து வர வேண்டும்.

கடையில் வழக்கமான கூட்டத்தில் கால்வாசிகூட இல்லை. யாரோ பை நிறைய பன்னைக் கொண்டுவந்து வாசலில் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பூச்சுக்காரம்மா அதைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். அக்கா கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு மடித்துக் கல்லாவுக்கு அடியில் வைத்தார். கோபப்படவில்லை. ஸ்டிக்கர் பழசு, சுலபத்தில் வராது என்று சொல்லிக் கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் வெந்நீரைத் தொட்டுத் தொட்டுச் சுரண்டினேன். திங்கட்கிழமை அவ்வளவு கெஞ்சினவர் ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்டேன். பெரிதாக ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"புதன்கிழமை கடையத் திறந்ததும் முதல் ஆளே கேட்டுட்டாரு, நேத்து ஏன் லீவுன்னு. பெயிண்ட் வேலைன்னு சொல்லணும்னு ராத்திரியே யோசிச்சுதான் வெச்சிருந்தேன். வாயில வரல தம்பி. வந்திருந்தா சொல்லியிருப்பேன்."

"அதுக்குன்னு போர்டா?"

"பதினஞ்சு பேருக்கு வாயால சொன்னேன். ஒவ்வொருத்தரும் மூஞ்சிய ஒவ்வொரு மாதிரி வெச்சுக்கறாங்க. அதப் பாக்க முடியல. அதான் எழுதி ஒட்டிட்டேன்."

பிறகு கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். கண்டுபிடித்தது நான்தான் என்பதையும் எழுதலாம் என்று நினைத்தாராம். "அப்புறம் ஆறு வருஷமா என்ன பாத்தாருன்னு உங்களக் கேப்பாங்களேன்னு விட்டுட்டேன்."

நான் தலை நிமிரவில்லை. ஸ்டிக்கர் துண்டு துண்டாக வந்தது. அது இருந்த இடத்தில் கண்ணாடி மட்டும் தெளிவாக, வட்டமாக, புதுசாக இருந்தது. அக்கா ஒரு பன்னைத் தாளில் சுற்றி, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். மேலே பளபளப்பு இல்லை. வேறு பிரஷ் வரும்வரை பூசப் போவதில்லையாம்.

வீட்டில் மாமியார் அதே நாற்காலியில் இருந்தார். என் மனைவியின் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் வந்து சேர்ந்துவிட்டது என்று தெரிந்தது. நான் பொட்டலத்தை மேஜையில் வைத்தேன். மாமியார் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடலாம்.

"திங்கக்கிழமையே உங்களுக்குத் தெரியும்" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. அட்டையில் கிழமை போட்டிருந்தது.

"தெரியும் மாமி."

"பாத்தீங்களான்னு கேட்டேன். பாத்தேன்னீங்க."

"தெரியாம சாப்பிட்டதுக்குப் பாவமில்ல மாமி."

"என் பாவத்த நான் பாத்துக்கறேன்." அவர் குரலில் சண்டையே இல்லை. வயசான குரல், அவ்வளவுதான். "நான் தின்னுக்கிட்டு இருந்தேன். நீங்க பாத்துக்கிட்டு நின்னீங்க."

பொட்டலத்தைப் பிரித்தார். என்னைக் கேட்காமலே பிரித்தார். அந்தப் பொலிவில்லாத பன்னைப் பிய்த்து டீயில் நனைத்தார். என் மனைவி, "அம்மா, அந்தக் கடைதா?" என்றாள். அந்தப் பேக்கரிப் பொண்ணுதான் சொல்லிடிச்சே என்றார் மாமியார், வாயில் வைத்துக்கொண்டே.

மறுநாள் நான் அலுவலகத்தில் அந்த ஃபைலை எடுத்து, என் கையெழுத்துக்குக் கீழே, நாற்பத்தொன்றாம் கேள்விக்கு ஆறு ஆண்டுகளாக நான் தவறான பதில் எழுதினேன், ஓவன் பக்கம் போய்ப் பார்க்கவில்லை என்று எழுதித் தேதி போட்டேன். செயலாளர் படித்தார். என்னைப் பார்த்தார். ஃபைலை மூடி இரண்டாவது பீரோவில் வைத்துப் பூட்டினார். அந்த பீரோவை வெள்ளையடிக்கிற அன்றைக்குத்தான் நகர்த்துவார்கள். இருந்தாலும் எழுதினேன்.

அதற்குப் பிறகு நான் காகிதத்தைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் ஓவன் பக்கம் போய் நிற்கிறேன். உங்கள் ஆட்கள் இதற்கு என்ன பேர் சொல்வார்கள் என்று ஒவ்வொரு சாமானையும் காட்டிக் கேட்கிறேன். கரண்டிக்குக் குருவி என்று ஒரு இடத்தில் பேர். வடிகட்டித் துணிக்கு மாமனார் என்று ஒரு இடத்தில். வேலை இரண்டு மடங்கு ஆகிவிட்டது. முழங்கால் முன்பைவிட மோசம். பேக்கரி அக்கா மறுபடி சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவில்லை. செயலாளர் இரண்டு முறை ஆள் அனுப்பியும் அக்கா பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். போன கூட்டத்தில் பாதி திரும்பி வந்திருக்கிறது, மீதிப் பாதி வரவில்லை. அட்டையை இன்னும் எடுக்கவில்லை. வெயிலில் மை வெளுத்து, உற்றுப் பார்த்தால்தான் படிக்க முடிகிறது.

போன வாரம் என் மனைவி ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்தாள். பின்பக்கம் எங்கள் வட்ட முத்திரை. மாமியார் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பழக்கத்தில் முகம் என் பக்கம் திரும்பியது, வாயும் திறந்தது. நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாக்கெட்டை என் மனைவியிடம் நீட்டினார்.

"பேக்கரிப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வா. அது சொன்னா பிரிக்கலாம்."

என் மனைவி என்னைப் பார்த்துவிட்டு, பாக்கெட்டை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். அந்த பிஸ்கட் ஃபாக்டரிக்கு நான் போன மாதம்தான் போயிருந்தேன். காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலு வரை இருந்தேன். ஒவ்வொரு குழாயையும், ஒவ்வொரு தட்டையும், ஒவ்வொரு பிரஷையும் கையில் எடுத்துப் பார்த்தேன். உண்மையிலேயே பார்த்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.